அடுக்களை மட்டுப்பாவுக்கு நாங்களே ஒட்டிய தார் ஷீட்

எங்கள் அடுக்களையின் மட்டுப்பா, அதாவது மேலே இருக்கும் தட்டையான கான்கிரீட் கூரை, ஒழுக ஆரம்பித்தது 2021 நவம்பரில். அந்த மாதம் குமரி மாவட்டத்தில் பெய்த மழையை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். எங்கள் வீடு குலசேகரத்திலிருந்து கொஞ்சம் உள்ளே, மேட்டில் இருக்கிறது. அதனால் வெள்ளம் ஏறவில்லை. ஆனால் ஒரு நாள் காலையில் அரிசி களைய அடுக்களைக்குள் போனபோது, அடுப்புக்கு நேர் மேலே கான்கிரீட்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம் தெரிந்தது. மத்தியானத்துக்குள் சொட்ட ஆரம்பித்துவிட்டது. மாமி ஒரு சருவத்தைக் கொண்டுவந்து கீழே வைத்தார்கள். அதற்கப்புறம் மூன்று வருடம், மழை வந்தால் அந்தச் சருவமும் அந்த இடத்துக்கு வந்துவிடும்.

வீட்டின் அமைப்பைச் சொன்னால்தான் மற்றது புரியும். முன்பக்கம் மாமனார் கட்டிய பழைய ஓட்டு வீடு. பின்பக்கம் அடுக்களை. முன்பு அதற்கு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்தான் கூரை. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் வந்தபோது அந்த ஷீட்டுகளைக் காற்று பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. தோட்டத்தில் 30 ரப்பர் மரமும் சாய்ந்தன. அடுத்த வருடம் கையில் இருந்த பணத்தைப் போட்டு அடுக்களையைக் கான்கிரீட்டில் கட்டினோம். 24 அடி நீளம், 12 அடி அகலம். மேலே ஒன்றரை அடிக் கைப்பிடிச் சுவர். ஓட்டு வீட்டின் பின் சரிவிலிருந்து விழுகிற தண்ணீர் முழுவதும் இந்த மட்டுப்பாவில்தான் விழும். அது வெளியே போக வைத்திருந்தது இரண்டே இரண்டு குழாய்கள், அதுவும் 2 அங்குலக் குழாய்கள்.

என் வீட்டுக்காரர் கத்தாரில் இருக்கிறார். வீட்டில் நான், மாமி, பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள். முக்கால் ஏக்கரில் 140 ரப்பர் மரம் இருக்கிறது. பால் வெட்டு நான்தான். அதிகாலை நாலு மணிக்குத் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போனால், ஏழு மணிக்கு வந்து அடுப்பு மூட்டுவேன்.

ஒழுகலுக்கு முதலில் செய்தது சிமென்ட் பால் ஊற்றியது. ஒரு மழைக்காலம்கூட நிற்கவில்லை. அப்புறம் வாட்டர்புரூஃப் பெயிண்ட் அடித்தோம். வெள்ளை வெளேரென்று பார்க்க நன்றாக இருந்தது, அடுக்களையில் சூடும் குறைந்தது. ஆனால் அடுத்த வருடமே தோல் உரிவதுபோல உரிந்தது. இன்னொரு தடவை அடித்தோம். அதுவும் உரிந்தது. பெயிண்டைக் குறை சொல்ல மாட்டேன். எங்கள் மட்டுப்பாவில் தண்ணீர் வாரக்கணக்கில் தேங்கி நிற்கும். தேங்கிய தண்ணீருக்கு அடியில் அந்த மாதிரிப் பெயிண்ட் நிலைக்காது. வெயிலில் கான்கிரீட் விரியும், ராத்திரி சுருங்கும். தலைமயிர் அகலத்தில் இருக்கும் விரிசலும் அதோடு சேர்ந்து திறந்து மூடும். மெல்லிய பூச்சு அந்த இழுப்பைத் தாங்காமல் கிழிந்துவிடும்.

என் தம்பி வெல்டர். மார்த்தாண்டம், கருங்கல், அழகியமண்டபம் என்று எங்கே பார்த்தாலும் மட்டுப்பாவுக்கு மேல் இரும்புக் கம்பம் நட்டுத் தகர ஷீட் போட்டிருக்கிறார்களே, அந்த ட்ரஸ் ஒர்க்தான் அவன் தொழில். "அக்கா, நான் போட்டுத் தாரேன். ஒரு வாரத்து வேலை. பொறவு மழையைப் பத்தி நெனைக்கவே வேண்டாம்" என்றான். நல்ல யோசனைதான். அந்த நிழலில் ரப்பர் ஷீட் காயப்போடலாம், துணி காயப்போடலாம். ஆனால் என் மனது ஒப்பவில்லை. ஒக்கி அன்று ராத்திரி ஷீட் பிய்ந்து போன சத்தம் என் காதில் இன்னும் இருக்கிறது. பிள்ளைகளை மடியில் போட்டுக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தேன். மறுபடியும் தலைக்கு மேல் ஷீட் வைக்க என்னால் முடியாது என்று அவனிடம் சொன்னேன். அவன் அதற்கப்புறம் அதைப் பற்றிப் பேசவே இல்லை. "சரி, வேற என்ன செய்யலாம்ணு பாப்போம்" என்றான்.

வழி காட்டியது ரப்பர் மரம்தான். மே மாதம் மழைக்கு முன்னால் மரத்துக்கெல்லாம் பிளாஸ்டிக் கட்டுவோம். வெட்டுப் பட்டைக்கு மேலே மரத்தைச் சுற்றிப் பாவாடைபோலச் சுருக்கு வைத்துப் பிளாஸ்டிக்கை ஒட்டுவது. தார் கலந்த பசையால்தான் அதை ஒட்டுவோம். பட்டையை முதலில் சுரண்டி வழுவழுப்பாக்க வேண்டும். பட்டையில் துளி ஈரம் இருந்தாலும் பசை பிடிக்காது. எங்கேயாவது ஊசி நுழைகிற இடைவெளி விட்டுவிட்டால் போதும், தண்ணீர் மரத்தோடு ஒட்டியே வழிந்து வந்து சிரட்டையில் இருக்கும் பாலைக் கெடுத்துவிடும். பிளாஸ்டிக்கின் நடுவில் ஒருநாளும் ஒழுகாது. ஒழுகுவது ஒட்டின விளிம்பில்தான். 140 மரத்துக்கு வருடா வருடம் இந்த வேலையைச் செய்கிறேன். மட்டுப்பாவும் இதேதான், படுத்துக் கிடக்கிற மரம் என்று ஒரு நாள் பசை தடவிக்கொண்டிருக்கும்போது தோன்றியது.

தம்பி மார்த்தாண்டத்தில் ஒரு கடையில் விசாரித்து வந்தான். சுருளாக வரும் தார் ஷீட், கடையில் மெம்பரேன் என்று சொல்வார்கள். ஒரு ரோல் 1 மீட்டர் அகலம், 10 மீட்டர் நீளம். 3 மில்லிமீட்டர், 4 மில்லிமீட்டர் என்று இரண்டு கனத்தில் கிடைக்கும். உள்ளே பாலியஸ்டர் நூல்வலை, அதன் இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் கலந்த தார். ரோட்டுக்குப் போடும் சாதாரணத் தார் 50 டிகிரியிலேயே இளக ஆரம்பிக்கும். நம்முடைய வெயிலில் மட்டுப்பா அந்தச் சூட்டை எளிதாகத் தாண்டும். ஏ.பி.பி. என்ற வகையில் கலக்கும் பிளாஸ்டிக்கினால் அது 100 டிகிரியைத் தாண்டினாலும் வழியாது. நாங்கள் வாங்கியது அந்த ஏ.பி.பி. வகையில் 4 மில்லிமீட்டர், மேல் முகத்தில் கல்துகள் பதித்தது. வெயில் நேராகத் தாரில் பட்டால் அது காய்ந்து வெடித்துவிடும், அதற்குத்தான் அந்தக் கல்துகள். கல்துகள் இல்லாத வகை வாங்கினால், மேலே சிமென்ட் பூச்சோ ஓடோ போட்டு மூட வேண்டும். அல்லது வெயிலைத் தாங்கும் பூச்சு அடிக்க வேண்டும்.

வாங்குவதற்கு முன் நானும் மகளும் நோட்டில் கணக்குப் போட்டோம். ஷீட்டைச் சரிவுக்குக் குறுக்காகத்தான் விரிக்க வேண்டும், அதாவது 24 அடி நீளவாக்கில். ஒரு ஷீட்டின் மேல் அடுத்தது 10 சென்டிமீட்டர் ஏற வேண்டும். 12 அடி என்பது 3 மீட்டர் 66 சென்டிமீட்டர். நான்கு வரிசை விரித்து மூன்று இடத்தில் 10 சென்டிமீட்டர் ஏற்றினால் 3 மீட்டர் 70. அளவு கச்சிதம். ஒவ்வொரு ரோலிலும் 7 மீட்டர் 32 போக, 2 மீட்டர் 68 மிச்சம் வரும். அந்த மிச்சத்தை நீளவாக்கில் மூன்றாகக் கிழித்தால் 33 சென்டிமீட்டர் அகலத்தில் பட்டைகள் கிடைக்கும், கைப்பிடிச் சுவரில் ஏற்ற அது போதும். ஆக நான்கே ரோல். கடைக்காரர் ஆறு ரோல் வேண்டும் என்றார். மகள் நோட்டைக் காட்டினாள். அவர் பார்த்துவிட்டு நான்கு போதும் என்று ஒத்துக்கொண்டார்.

வேலைக்கு நாள் பார்த்தது ரப்பரை வைத்துத்தான். பிப்ரவரி, மார்ச்சில் இலை உதிர்ந்து தளிர் விடும், பால் வெட்டு நிற்கும். எனக்குக் கை ஒழியும் காலமும் வானம் காய்ந்து கிடக்கும் காலமும் ஒன்றுதான். ஏப்ரல் கடைசியில் கோடை மழை இடிக்க ஆரம்பித்துவிடும், ஜூனில் இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை, அப்புறம் ஐப்பசி, கார்த்திகை. எங்கள் ஊரில் மட்டுப்பா நன்றாகக் காய்வதற்கு வருடத்தில் அந்த மூன்று மாதம்தான் இருக்கிறது.

ஜனவரி கடைசியில் தொடங்கினோம். முதலில் மட்டுப்பாவில் கிணற்றுத் தண்ணீரை ஊற்றி, அது எங்கே தேங்குகிறது என்று பார்த்தோம். தேங்கின ஒவ்வொரு இடத்தையும் சுற்றிக் கரியால் கோடு போட்டேன். கோடு போட்டு முடித்தபோது பார்த்தால் மட்டுப்பாவில் பாதி கோட்டுக்குள் இருந்தது. தம்பி டியூப் லெவல் பிடித்தான். ஓட்டு வீட்டுச் சுவரிலிருந்து வெளிப் பக்கம் வரை 12 அடிக்கு அரை அங்குலம்கூட இறக்கம் இல்லை. 100-க்கு ஒன்று என்பதாவது வேண்டும், அதாவது 144 அங்குலத்துக்கு ஏறத்தாழ ஒன்றரை அங்குலம். கண்ணுக்குத் தெரியாத இறக்கம்தான். ஆனால் தண்ணீருக்குத் தெரியும்.

இந்த இடத்தில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள் என்று நினைக்கிறேன். தார் ஷீட் தண்ணீரைத் தடுக்கும், நகர்த்தாது. அதன் மேல் குளம் கட்டி நின்றால் ஒவ்வொரு ஒட்டும் இரவு பகலாகத் தண்ணீரில் ஊறும். ஷீட்டுக்குச் செலவழிக்கும் காசைக் குறைத்தாலும் பரவாயில்லை, இறக்கத்துக்குச் செலவழிப்பதைக் குறைக்காதீர்கள். எங்கள் ஊர்க் கொத்தனார் அண்ணன் ஒருவர் இரண்டு நாள் வந்து, உரிந்த பெயிண்டையெல்லாம் சுரண்டி, விரிசல்களைக் கொத்தி அகலமாக்கி அடைத்து, இறக்கம் வைத்துச் சிமென்ட் தளம் போட்டுக் கொடுத்தார். குழாயைச் சுற்றி ஓரடிக்கு மட்டும் ஒரு சென்டிமீட்டர் பள்ளமாக வைக்கச் சொன்னோம். அங்கே ஷீட் இரண்டு மடங்காக வரும். பள்ளம் இல்லையென்றால் அந்தக் கனமே ஒரு வரப்புபோலத் தண்ணீரை மறிக்கும். பழைய 2 அங்குலக் குழாயை எடுத்துவிட்டு 4 அங்குலக் குழாய் வைத்தோம். ரப்பர் இலை ஐந்தாறு சேர்ந்து விழுந்தால் 2 அங்குலக் குழாயின் வாய் மூடிக்கொள்ளும். எங்கள் ஒழுகலில் பாதிக் காரணம் அதுதான் என்பது அந்தக் குழாயை உடைத்து எடுத்தபோது தெரிந்தது. உள்ளே ஒரு சாண் நீளத்துக்கு இலை மக்கி மண்ணாகியிருந்தது.

தரையும் கைப்பிடிச் சுவரும் சேரும் மூலையில் சிமென்ட் வைத்துச் சாய்வாக்கினார். தார் ஷீட்டை நேர் மூலையில் மடித்தால் மடிப்பில் வெடிக்கும், அடியில் காற்றும் நிற்கும். சாய்வாக இருந்தால் வளைந்து ஏறும். சுவரில் தரையிலிருந்து 20 சென்டிமீட்டர் உயரத்தில் கட்டிங் மெஷினால் ஓர் அங்குல ஆழத்துக்குக் காடி வெட்டினான் தம்பி. ஷீட்டின் மேல் விளிம்பு அந்தக் காடிக்குள் போய் உட்கார வேண்டும். வெறும் சுவரில் ஒட்டி விட்டால், சுவரில் வழிகிற தண்ணீர் விளிம்புக்குப் பின்னால் இறங்கும். ரப்பர் மரத்தில் பிளாஸ்டிக்கின் மேல் விளிம்பு வாய் பிளந்தால் நடப்பது அதேதான்.

ஒரு வாரம் சாக்கு போட்டு நனைத்தோம். அப்புறம் காய விட்டோம். காய்ந்ததா என்று பார்க்க ஒரு எளிய வழி உண்டு: ஒன்றரை அடிச் சதுரத்தில் பிளாஸ்டிக் ஷீட்டை வைத்து நான்கு பக்கமும் டேப் ஒட்டி, ஒரு ராத்திரி விட்டுவிட வேண்டும். காலையில் பிளாஸ்டிக்கின் அடியில் முத்து முத்தாகத் தண்ணீர் நின்றால், கான்கிரீட் இன்னும் காயவில்லை. மூன்று வாரம் கழித்து ஐந்து இடத்தில் வைத்துப் பார்த்தேன். நான்கில் ஒன்றுமில்லை. கிழக்குப் பக்கம் ஒன்றில் நாலைந்து முத்து. இன்னும் நாலு நாள் பொறுத்துவிட்டு ஆரம்பித்துவிட்டோம். ஒரு வாரமாவது பொறுத்திருக்க வேண்டும், அதைப் பின்னால் சொல்கிறேன்.

ரோல் ஒவ்வொன்றும் 40 கிலோவுக்கு மேல். ஏணியில் அப்படியே ஏற்ற முடியாது என்பதால் முற்றத்தில் விரித்து 24 அடிக்கு வெட்டிச் சுருட்டி, பக்கத்து வீட்டுப் பையனும் தம்பியுமாக ஏற்றினார்கள். (வாங்கி வந்த ரோலைப் படுக்க வைக்காதீர்கள். தன் பாரத்திலேயே நசுங்கிப்போகும், விரிக்கும்போது அலை அலையாக வரும். நிழலில் நிமிர்த்தித்தான் வைக்க வேண்டும்.)

முந்தின நாள் தளத்தைக் கூட்டி, ஈரமில்லாத துணியால் துடைத்து, பிரைமர் அடித்தோம். தண்ணீர்போல இருக்கும் கறுப்புத் தார். ஒரு லிட்டர் நான்கைந்து சதுர மீட்டருக்கு வரும். கனமாக அடிக்கக் கூடாது, கான்கிரீட் அதைக் குடிக்க வேண்டும். விரலால் தொட்டால் கறுப்பு ஒட்டக் கூடாது, அப்போதுதான் தயார். அன்று சாயந்திரம் நானும் மாமியும் வாரியலை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி 20 அடிக்கு ரப்பர் இலை ஒன்றுகூட இல்லாமல் கூட்டினோம். மார்ச்சில் ரப்பர் தோட்டம் முழுவதும் காய்ந்த சருகு. ஒரு பொறி விழுந்தால் போதும். ஓட்டுக்கு அடியில் செருகிக் கிடந்த சருகையும் குச்சி விட்டு எடுத்தோம்.

மாமிக்கு இந்த நெருப்பு வேலையில் துளியும் விருப்பமில்லை. "மக்களே, ஓட்டுப் பக்கம் தீ கொண்டு போவாதே. கழுக்கோல் எல்லாம் அம்பது வருசத்து ஆஞ்சிலி" என்றார்கள். கழுக்கோல் என்றால் ஓட்டைத் தாங்கும் மரச்சட்டம், ஆஞ்சிலி அதன் மரம். அவர்கள் சொன்னது மிகச் சரி. மரத்துக்குப் பக்கத்தில் கேஸ் பர்னர் கொண்டு போவது ஆபத்து. தீ உடனே தெரியாது, மரத்துக்குள் கனன்றுகொண்டிருந்து இரண்டு மணி நேரம் கழித்துப் பிடிக்கும். அதனால் ஓட்டு வீட்டுச் சுவர்ப் பக்கத்துக்கு மட்டும் தீ இல்லாமல் ஒட்டும் பட்டை வாங்கினோம். பின்பக்கத் தாளை உரித்தால் ஒட்டிக்கொள்ளும், மேல் முகம் அலுமினியம், 30 சென்டிமீட்டர் அகலம்.

ஒட்டும் நாள். காலை ஏழு மணி. நான் பருத்திச் சேலைக்கு மேல் வீட்டுக்காரரின் பழைய முழுக்கைச் சட்டை, தோல் கையுறை, மூடிய செருப்பு. நைலான், பாலியஸ்டர் எதையும் உடுத்தக் கூடாது, பொறி பட்டால் உருகித் தோலோடு ஒட்டும். தம்பி தன் வேலைக்கு வைத்திருக்கும் கமர்ஷியல் சிலிண்டரைக் கொண்டுவந்தான். அடுக்களை சிலிண்டரை இதற்கு எடுக்கக் கூடாது, அது சட்டப்படியும் தவறு. நீளக் கைப்பிடி வைத்த பர்னரைக் கடையிலேயே வாடகைக்கு வாங்கினோம். இரண்டு வாளி தண்ணீர், ஒரு வாளி மணல், நனைத்த சாக்கு, அவனுடைய தீயணைப்பான் எல்லாம் மேலே. ஒன்று சொல்ல வேண்டும்: வெயிலில் பர்னர் தீ கண்ணுக்குத் தெரியாது. சத்தம்தான் கேட்கும். அணைந்துவிட்டது என்று நினைத்துக் கையை நீட்டக் கூடாது.

முதலில் குழாய் வாய்கள். மிச்சத் துண்டில் இரண்டு சதுரம் வெட்டி, சூடாக்கிக் குழாய்க்குள் ஒரு விரல் நீளத்துக்கு மடித்து இறக்கி அழுத்தினோம். அதன் மேல்தான் முதல் வரிசை வரும்.

முதல் வரிசை மிகத் தாழ்ந்த இடத்தில், வெளிப் பக்கக் கைப்பிடிச் சுவரை ஒட்டி. அப்புறம் ஒவ்வொன்றாக மேலே ஏற வேண்டும். ஓடு வேய்வது எப்படியோ அப்படி. மேலிருந்து வரும் தண்ணீர் ஒட்டின் மேல் ஏறிக் கடந்து போகும், வாய்க்குள் போகாது. ஷீட்டின் ஒரு கரையில் 10 சென்டிமீட்டருக்குக் கல்துகள் இருக்காது. அந்தக் கரை மேட்டுப் பக்கம் இருக்கும்படி விரிக்க வேண்டும், அடுத்த ஷீட் அதன் மேல்தான் உட்காரும்.

சுண்ணாம்பு நூல் அடித்து, ஷீட்டை முழுவதும் விரித்து, கோட்டோடு பொருத்தி, அப்புறம் ஒரு பாதியைத் திரும்பச் சுருட்டினோம். தம்பி பர்னரைப் பிடித்தான். நான் கம்பி கொக்கியால் சுருளை இழுத்தேன். ஷீட்டின் அடியில் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒன்று உண்டு. தீ பட்டதும் அது சுருங்கி மறையும், தார் கண்ணாடிபோல மின்னும். அந்த மின்னல் வந்தவுடன் உருட்டிவிட வேண்டும். மின்னாமல் உருட்டினால் ஒட்டாது. மின்னின பிறகும் தீயைக் காட்டிக்கொண்டே இருந்தால் உள்ளே இருக்கும் நூல்வலை பொசுங்கிவிடும். முதல் அரை மணி நேரம் நாங்கள் இரண்டு பேரும் பேசவே இல்லை. அப்புறம் அந்த மின்னல் கைக்கு வசப்பட்டுவிட்டது. பால் வெட்டும்போது பட்டையின் ஆழம் கைக்குத் தெரிவதுபோலத்தான் இதுவும், சொல்லிக் கொடுப்பதைவிடச் செய்யும்போது வந்துவிடுகிறது. ஒட்டு விழும் இடத்தில் ஓரத்தில் ஒரு சென்டிமீட்டருக்குத் தார் பிதுங்கி வர வேண்டும். பிதுங்கிய தார்தான் அடையாளம். அது வராத இடத்தில் கொத்தனார் கரண்டியின் முனையை விட்டுப் பார்த்தேன். உள்ளே போனால் மறுபடி சூடு காட்டி அழுத்தினோம்.

பதினொன்றுக்குள் இரண்டு வரிசை முடிந்தது. அதற்கு மேல் வெயிலில் ஷீட் குழைகிறது, கால் வைத்தால் தடம் பதிகிறது. நிறுத்திவிட்டோம். பிறகு இரண்டு மணி நேரம் மட்டுப்பாவிலேயே ஆள் இருந்தோம், எங்காவது புகை வருகிறதா என்று பார்க்க.

மறுநாள் மூன்றாவது வரிசையில் ஒரு தவறு செய்தோம். நேற்று நன்றாக வந்ததே என்று, முழுவதும் விரித்துப் பொருத்திப் பார்க்காமல் ஒரு முனையிலிருந்தே உருட்ட ஆரம்பித்தோம். தொடக்கத்தில் 10 சென்டிமீட்டர் ஏறி இருந்தது. 14 அடி போனபோது பார்த்தால் 4 சென்டிமீட்டர்தான். இன்னும் போனால் ஷீட் கோட்டை விட்டே விலகிவிடும். தம்பி இழுத்து நேராக்கப் பார்த்தான். முடியாது, இழுத்தால் அலை விழும். கடையில் சொன்னது ஞாபகம் வந்தது: கோணினால் வெட்டு, புதிதாகத் தொடங்கு. கத்தியால் அங்கேயே வெட்டி, அடுத்த துண்டை நேராக வைத்து, 15 சென்டிமீட்டர் மேலே ஏற்றி ஒட்டினோம். அங்கே கீழ் ஷீட்டில் கல்துகள் இருக்கும். அதை முதலில் சூடாக்கி, துகள்களைக் கரண்டியால் தாருக்குள் அழுத்தி, கறுப்பு மேலே வந்த பிறகுதான் ஒட்ட வேண்டும். கல்லின் மேல் தார் பிடிக்காது. நாங்கள் 24 அடிக்கு மிகச் சரியாக வெட்டியிருந்தோம். அதனால் கடைசியில் 15 சென்டிமீட்டர் குறைந்தது. மிச்சத்திலிருந்து ஓரடித் துண்டு வெட்டி அதையும் அப்படியே ஒட்டினோம். 4 சென்டிமீட்டர் மட்டும் ஏறியிருந்த இடத்தின் மேல் தனியாக ஒரு பட்டை. இப்போதும் மேலே போனால் அந்தப் பட்டை கண்ணில் படும். செய்கிறவர்கள் ஒரு சாண் கூட்டியே வெட்டுங்கள்.

நான்காவது வரிசை ஓட்டு வீட்டை ஒட்டியது. ஓட்டின் சரிவு தலைக்கு மேல் நீட்டி நிற்கிறது. தம்பி ஒரு தகரத்தைத் தீக்கும் சுவருக்கும் நடுவில் மறைவாகப் பிடிக்கச் சொன்னான். நனைந்த சாக்கைச் சரிவின் விளிம்பில் தொங்கவிட்டோம். தீயை ஒருமுறைகூட மேலே திருப்பவில்லை. மாமி கீழே ஒரு வாளியோடு நின்றார்கள். முடியும்வரை நகரவில்லை.

கைப்பிடிச் சுவர் பட்டைகளை ஒட்ட ஒன்றரை நாள் ஆயிற்று. தரை முழுவதும் ஒட்டியதைவிட அது கடினம். நான்கு மூலையும் தனித்தனி. குனிந்து, முழங்காலில் நின்று, சின்னத் தீயில், கரண்டியால் தேய்த்துத் தேய்த்து ஒட்ட வேண்டும். காடிக்குள் விளிம்பைச் செருகிச் சிமென்ட் அடைத்தோம். ஓட்டு வீட்டுச் சுவரில் அலுமினியப் பட்டை. நான்காவது ஷீட்டின் மேட்டுக் கரையில் கல்துகள் இல்லாததால் பட்டை அதன் மேல் நன்றாகப் பிடித்தது. சிறு உருளையால் அழுத்தி உருட்டினோம்.

அப்புறம் சோதனை. குழாய் இரண்டையும் துணி சுற்றி அடைத்து, மேட்டுப் பக்கத்திலும் ஓர் அங்குலம் நிற்கும்வரை கிணற்றுத் தண்ணீர் நிரப்பினோம். இரண்டு நாள். அடுக்களைக்குள் பழைய ஈரக் கறை ஒவ்வொன்றையும் சுற்றிப் பென்சில் கோடு போட்டு வைத்திருந்தேன். கறை வளர்ந்தால் தெரியுமே. வீட்டுக்காரர் கத்தாரிலிருந்து இரண்டு தடவை வீடியோவில் கூப்பிட்டு அந்தக் கோட்டைக் காட்டச் சொன்னார். வளரவில்லை. துணியை உருவினபோது தண்ணீர் சத்தத்தோடு ஓடி, கடைசியில் மட்டுப்பாவில் எங்கேயும் தேங்காமல் வடிந்தது. எனக்கு ஒழுகல் நின்றதைவிட அதுதான் பெரிய சந்தோஷம்.

ஏப்ரலில் கிழக்குப் பக்கம் உள்ளங்கை அளவு ஒரு கொப்புளம் எழுந்தது. பிளாஸ்டிக்கில் முத்து நின்ற அதே இடம். அடியில் மாட்டிய ஈரம் வெயிலில் ஆவியாகி ஷீட்டைத் தூக்குகிறது. காலையில் அடங்கிவிடும், மத்தியானம் எழும். சுற்றிக் கோடு போட்டுக் கவனித்தேன். ஜூன் வரை வளரவில்லை, ஒட்டுப் பக்கமும் போகவில்லை, அதனால் தொடவில்லை. வளர்ந்தால் குறுக்காகக் கிழித்து, காய வைத்து, மேலே துண்டு ஒட்ட வேண்டும். அதற்குத் துண்டு வைத்திருக்கிறேன்.

இடவப்பாதி வந்து போனது. ஐப்பசி மழையும் வந்து போனது. பென்சில் கோடுகள் அப்படியே இருக்கின்றன. செலவு, ட்ரஸ் போட தம்பி சொன்ன தொகையில் மூன்றில் ஒன்றுக்கும் கீழே. ஞாயிற்றுக்கிழமை தோறும் மேலே ஏறிக் குழாய் வாயில் இருக்கும் வலையிலிருந்து இலையை எடுத்துவிடுகிறேன், மற்றபடி வேலையில்லை. ஒன்றே ஒன்று கவனித்தேன்: ஓட்டுத் தண்ணீர் விழும் இடத்தில், ஓட்டு வரிசைக்கு ஒன்றாக, ஷீட்டில் கல்துகள் கொஞ்சம் தேய்ந்திருக்கிறது. வலையிலும் துகள் சேர்கிறது. ஓட்டுச் சரிவின் விளிம்பில் ஒரு பாத்தி, அதாவது தண்ணீர் ஓடும் தகரக் கால்வாய், வைத்துத் தண்ணீரைப் பக்கவாட்டில் கொண்டு போனால் அது நிற்கும். அடுத்த பிப்ரவரியில் இலை உதிர்ந்ததும் அதை வைக்கலாம் என்று இருக்கிறோம். தகரத்தை மடித்துப் பாத்தி செய்ய நேற்று தம்பி வந்து விளிம்பின் நீளத்தை அளந்துகொண்டு போனான். இந்தத் தடவை ஒரு சாண் கூட்டியே எழுதிக்கொண்டான்.